பீரோவுக்குள் போகும் கணிதம்

மும்பையின் ஹார்பர் ரயில் தடத்தில் செம்பூரையும் கோவண்டியையும் தாண்டி, வாஷி பாலத்துக்கு முன்னால் வரும் கடைசி நிலையம் மான்குர்த். மும்பைத் தமிழர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருக்கும் தேவனார் குப்பைமேடும், குடிபெயர்க்கப்பட்டவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடிகளும், அணுசக்தி நகரும்தான் முதலில் நினைவுக்கு வரும். அதே மான்குர்த்தில், புரவ் மார்க் சாலையில், ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையாக 1974இல் மாநகராட்சிப் பள்ளிக் கட்டடம் ஒன்றில் தொடங்கிய இந்த மையத்தின் பொறுப்பில்தான் பள்ளி மாணவர்களுக்கான கணித ஒலிம்பியாட் நாடு முழுவதும் நடக்கிறது. உலகக் கணித ஒலிம்பியாட் 1996இல் மும்பையில் நடந்த பிறகு, இந்திய அணிக்கான பயிற்சி முகாம் பல ஆண்டுகள் இங்கேதான் கூடியது. 2004இல் இதே வளாகத்தில் இளங்கலை அறிவியலுக்கான தேசிய முன்முயற்சி என்ற இன்னொரு திட்டமும் தொடங்கியது. முதலாண்டு முடித்த கல்லூரி மாணவர் ஒருவர் விடுமுறையில் மான்குர்த்துக்கு வருகிறார். ஒரு வழிகாட்டியின் கீழ் சிறிய ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்கிறார். ஊருக்குத் திரும்பி வேலையைத் தொடர்கிறார், அடுத்த விடுமுறையில் மீண்டும் வருகிறார். இப்படி ஓரிரு ஆண்டுகள் போகும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மாணவர்களிடையே இத்திட்டத்துக்கு நல்ல பெயர் உண்டு. பள்ளிக் கணிதத்துக்கு ஒரு வாசலும் கல்லூரி அறிவியலின் ஆய்வுக்கு ஒரு வாசலும் ஒரே வளாகத்தில் திறந்திருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கணித இளங்கலை மாணவர் எந்தக் கதவைத் தட்டுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் நான்காண்டு இளங்கலைப் படிப்புக்கான சட்டகத்தை வெளியிட்டது. முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றவர்கள் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். ஆய்வேட்டுக்கு 12 மதிப்புப் புள்ளிகள். தமிழ்நாடு அரசு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. மகாராஷ்டிரம் ஏற்றுக்கொண்டது. மாட்டுங்காவிலோ சயனிலோ செம்பூரிலோ இளங்கலைக் கணிதம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இனி ஆய்வேடு எழுதும் வாய்ப்பு இருக்கிறது. அந்த ஆய்வேட்டின் விதி பெரும்பாலும் தெரிந்ததுதான். ஸ்பைரல் பைண்டிங் போட்டு மூன்று பிரதிகள், ஒரு வைவா, மதிப்பெண். அதன் பிறகு துறையின் இரும்பு பீரோ. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்காவது ஷோத்கங்கா என்ற தேசியக் களஞ்சியம் உண்டு. இளங்கலை ஆய்வேடு எழுதியவருக்கும் தேர்வாளருக்கும் அப்பால் மூன்றாவது வாசகர் ஒருவரைக் காண்பது அரிது. இளங்கலைக் கணித ஆய்வுக்கு நம்மிடம் இல்லாத வளம் இந்த மூன்றாவது வாசகர்தான் என்பது என் வாதம். உதவித்தொகை, கணினி, மென்பொருள், கோடை முகாம் எல்லாம் தேவைதான். எழுதியதைப் படித்துப் பதில் சொல்ல ஒருவரும், அது அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர ஓரிடமும் இல்லாவிட்டால் அவற்றால் விளைவது மிகக் குறைவு.

இந்த வாதத்துக்கு முதல் சான்று நூறாண்டுக்கும் பழையது. சென்னை மாகாணத்தில் துணை ஆட்சியராக வேலை பார்த்த வி. ராமஸ்வாமி ஐயர் 1906 டிசம்பரில் நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நாட்டில் கணித நூல்களும் இதழ்களும் கிடைப்பது அரிதாக இருக்கிறது, ஆளுக்கொரு பங்கு போட்டு அவற்றை வரவழைத்துச் சுற்றுக்கு விடலாமே என்பதுதான் கடிதத்தின் சாரம். 1907 ஏப்ரலில் 20 பேர் சேர்ந்து அமைத்த அந்தச் சங்கம் பின்னர் இந்தியக் கணிதக் கழகம் ஆயிற்று. நூலகத்தைப் புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் வைத்து, இதழ்களை உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1909இல் சொந்த இதழும் தொடங்கினார்கள். அந்த இதழில் கட்டுரைகளோடு கேள்வி பதில் பகுதியும் இருந்தது. யாரும் ஒரு கணக்கைப் போடலாம், யாரும் விடை எழுதலாம். அந்தப் பகுதியை நான் அலங்காரமாகக் கருதவில்லை. பட்டம் இல்லாதவரும் தயங்காமல் நுழையக்கூடிய தாழ்ந்த படி அது.

அந்தப் படியில் ஏறி வந்தவர் ராமானுஜன். கல்லூரித் தேர்வில் இரண்டு முறை தோற்று, வேலை தேடி அலைந்துகொண்டிருந்த காலத்தில், 1911இல், அவர் அனுப்பிய கணக்கு 289ஆம் கேள்வியாக வெளியானது. ஒரு வர்க்கமூலக் குறிக்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் கோவை அது: ஒன்றோடு இரண்டு மடங்கு வர்க்கமூலம், அதற்குள் ஒன்றோடு மூன்று மடங்கு வர்க்கமூலம், இப்படியே நீளும். மதிப்பு என்ன என்று கேட்டிருந்தார். ஆறு மாதம் கடந்தும் யாரும் எழுதவில்லை. விடை மூன்று என்பதை அவரே விளக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு பெர்னூலி எண்களைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரையும் அதே இதழில் வந்தது. அதன் பின்னணி இன்னும் முக்கியமானது. அவர் எழுதும் முறை சாதாரண வாசகரால் பின்தொடர முடியாத அளவுக்குச் சுருக்கமாகவும் தெளிவில்லாமலும் இருந்ததால், ஆசிரியராக இருந்த எம்.டி. நாரணையங்கார் கையெழுத்துப் பிரதியைத் திரும்பத் திரும்பத் திருத்தவைத்தார். ராமானுஜனைப் பற்றிப் பேசும்போது நாம் ஆங்கிலேயக் கணிதர் ஹார்டியின் கடிதத்துக்குத் தாவிவிடுகிறோம். அதற்கு இரண்டாண்டு முன்பே, நீ எழுதியது எனக்குப் புரியவில்லை, மறுபடி எழுது என்று சொல்ல இங்கே ஒருவர் இருந்தார். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தபோதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை எழுதித் தர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பணத்தோடு, எழுதும் கடமையும் படிப்பவரும் சேர்ந்தே வந்தார்கள்.

வாசகர் வாய்க்காதவருக்கு என்ன நேரும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே சான்று உண்டு. தத்தாத்ரேய ராமச்சந்திர காப்ரேகர் ஃபெர்குசன் கல்லூரியில் படித்த மாணவர். சொந்தமாகக் கண்டறிந்த கணிதத்துக்காக 1927இல் ராங்ளர் பராஞ்சபே பரிசு பெற்றார். இன்றைய சொல்லில் இளங்கலை ஆய்வுக்கான பரிசுதான் அது. மேற்படிப்புக்குப் போகாமல் நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்தார். எல்லாம் ஒரே இலக்கமாக இல்லாத நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறு வரிசையைக் கழித்துக்கொண்டே போனால், அதிகபட்சம் ஏழே படிகளில் 6174 வந்து நிற்கும் என்று கண்டவர் அவர். 3524இலிருந்து தொடங்கினால் 3087, பிறகு 8352, பிறகு 6174. இதை 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். ஆனால் அவர் எழுதியவற்றில் பெரும்பகுதி சொந்தக் காசில் அச்சிட்ட சிறு வெளியீடுகளாகவே இருந்தன. அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1975இல் தம் பத்தியில் எழுதிய பிறகே உலகம் அவரைக் கவனித்தது. பரிசு கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று அன்றைய கணித உலகம் நின்றுவிட்டது. ஐம்பதாண்டு உழைப்பில் திருத்திச் சொல்லவும், இந்தத் திசையில் போ, அந்தத் திசையில் ஆழமில்லை என்று காட்டவும் தொடர்ந்து உடனிருக்கும் வாசகர் கிடைத்திருந்தால் அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்பது நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

மிக வலுவான சான்று அண்மைக் காலத்தது. ஓர் எண் பகா எண்தானா என்று உறுதியாகவும் விரைவாகவும் சொல்லும் வழிமுறையை 2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் வெளியிட்டார்கள். கயாலும் சக்சேனாவும் அந்த ஆண்டுதான் பி.டெக் முடித்திருந்தார்கள். இரு மேதைகளின் கதையாக இதைச் சொல்வது வழக்கம். ஆய்வேடுகளின் வரிசையைப் பார்த்தால் வேறொன்று தெரியும். அடிப்படைக் கருத்து எளிது: எக்ஸ் கூட்டல் ஒன்று என்பதை ஒரு பகா எண்ணின் அளவுக்கு அடுக்கேற்றி விரித்தால், முதலும் கடைசியும் தவிர நடுவிலுள்ள கெழுக்கள் எல்லாம் அந்த எண்ணால் மீதியின்றி வகுபடும், பகு எண்ணுக்கு அப்படி நடக்காது. ஆனால் எண் நூறு இலக்கம் கொண்டதென்றால் விரிவின் உறுப்புகளை எழுதி முடிக்கவே முடியாது. விரிவைச் சிறிய பல்லுறுப்புக்கோவை ஒன்றால் வகுத்து, மீதியை மட்டும் சோதித்தால் போதுமா? 2001இல் ரஜத் பட்டாசார்ஜி, பிரசாந்த் பாண்டே என்ற இரு மாணவர்கள் தங்கள் பி.டெக் ஆய்வேட்டில் இதை ஆராய்ந்து ஓர் ஊகத்தை முன்வைத்தார்கள். அவர்களால் அதை நிறுவ முடியவில்லை. அடுத்த ஆண்டு கயாலும் சக்சேனாவும் அந்த ஏட்டைக் கையில் எடுத்தார்கள். ஆயிரம் கோடி வரையிலான எண்களுக்குக் கணினியில் சரிபார்த்து, தங்கள் ஆய்வேட்டில் இன்னும் ஒரு படி முன்னேறினார்கள். அந்தக் கோடையில் தேற்றம் கைகூடியது. 2004இல் கணித உலகின் தலைசிறந்த இதழ்களில் ஒன்றான ‘அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ்’ அதை வெளியிட்டது. அச்சான அந்தக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் இரண்டு பி.டெக் ஆய்வேடுகளும் இருக்கின்றன.

2001ஆம் ஆண்டு ஏடு முழு வெற்றி இல்லை. அதன் ஊகம் பொய்யாகவே இருக்கக்கூடும் என்று கணிதர்கள் லென்ஸ்ட்ராவும் பொமரன்ஸும் பின்னர் காரணம் காட்டினார்கள். முடிவுக்கு வராத, ஒருவேளை தவறாகவும் இருக்கக்கூடிய அந்த வேலை பீரோவுக்குள் போயிருந்தால் 2002 வந்திருக்குமா என்பது ஐயம்தான். ஒரே துறை, ஒரே வழிகாட்டி, கைமாறிய ஏடு. இவையே போதுமானதாக இருந்தன. கான்பூர் மாணவர்களின் திறமையை நம் கல்லூரிகள் நகலெடுக்க முடியாது. ஓராண்டு ஏட்டை அடுத்த ஆண்டு மாணவர் கையில் கொடுக்கும் பழக்கத்தை எந்தக் கல்லூரியும் நாளைக்கே தொடங்கலாம்.

இங்கே ஒரு தடை எழும், அது கனமானது. கணிதத்தில் ஆய்வின் எல்லைக்குப் போய்ச் சேரவே ஆண்டுகள் பிடிக்கும். இருபது வயதில் ஆய்வு என்பது ஆழமில்லாத விளையாட்டு. அந்தக் காலத்தில் நன்றாகப் படிக்கவைப்பதே மேல் என்பார்கள். இந்தத் தரப்புக்குத் தமிழகத்திலிருந்தே சிறந்த சான்று உண்டு. சென்னை லயோலா கல்லூரியில் கற்பித்த பிரெஞ்சு ஏசு சபைத் துறவி ராசின் தம் மாணவர்களைக் கட்டுரை வெளியிடத் துரத்தவில்லை. நவீன கணித நூல்களைப் படிக்கவைத்தார், தகுதியானவர்களை மும்பை டாடா நிறுவனத்துக்கு அனுப்பினார். 1953இல் அங்கே போய்ச் சேர்ந்தவர்கள்தான் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும், 1965இன் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம் உலகறிந்தது. 1993இல் மும்பைப் பல்கலைக்கழகத்தின் எஸ். குமரேசன் தொடங்கிய கணிதப் பயிற்சி மற்றும் திறனறி முகாமும் இந்த வழியைச் சேர்ந்ததே. தேசிய உயர்கணித வாரியத்தின் பணத்தில் ஒவ்வொரு கோடையிலும் நடந்த அந்த முகாமில் ஆய்வு என்ற பேச்சே கிடையாது. எடுத்துக்காட்டு கேள், ஏன் என்று கேள், நிறுவலை நீயே கட்டு என்பதுதான் பாடம். தலைமுறை தலைமுறையாக இந்தியக் கணித மாணவர்களை அது உருவாக்கியது.

இந்தத் தடையில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். அடித்தளம் இல்லாமல் வெளியிடச் சொல்வது தீங்கு. ஆனால் மும்பையில் நரசிம்மன் போன்றவர்களுக்கு அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். வெளிநாட்டுக் கணிதர்கள் டாடா நிறுவனத்துக்கு வந்து நடத்திய விரிவுரைகளை இளம் ஆய்வு மாணவர்களே குறிப்பெடுத்து, இடைவெளிகளை நிரப்பி, நூலாக்கினார்கள். லாரன்ட் ஷ்வார்ட்ஸின் விரிவுரைகள் 1955இல் நரசிம்மனின் குறிப்புகளாக வெளிவந்தன. இன்னொருவர் சொன்ன கணிதத்தைப் பிறர் படிக்கும்படி எழுதுவதும் பகிர்வுதான். அதில் பிழை விட்டால் தெரிந்துவிடும், புரியாத இடத்தை மூடி மறைக்கவும் முடியாது. எனவே இளங்கலை ஆய்வு என்றால் புதிய தேற்றம் என்று மட்டும் பொருள்கொள்ளத் தேவையில்லை. அறிந்த தேற்றத்துக்குத் தெளிவான நிறுவல், சிதறிக் கிடக்கும் முடிவுகளின் தொகுப்பு, ஓர் ஊகத்தைக் கணினியில் சரிபார்த்த பட்டியல் எல்லாம் இதில் அடங்கும். புதிய தேற்றமே வேண்டும் என்றாலும் வழி அடைபட்டிருக்கவில்லை. அமெரிக்காவின் டுலூத் நகரில் ஜோசப் காலியன் 1977 முதல் இளங்கலை மாணவர்களோடு நடத்திய கோடை ஆய்வில் 200க்கு மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ரகசியம் கணக்கைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கோட்டுருக்கள், சேர்மானவியல், எண்கணிதம் ஆகிய துறைகளில் சில நாட்களில் புரிந்துகொள்ளக்கூடிய, ஆனால் விடை தெரியாத கணக்குகள் ஏராளம். அவற்றைத் தேடி எடுத்துவைப்பது வழிகாட்டியின் வேலை. ஒலிம்பியாட் கணக்குக்கு விடை இருக்கிறது என்பது மாணவருக்கு முன்பே தெரியும். நான்கரை மணி நேரத்தில் மூன்று கணக்கு. விடை இருக்குமா என்றே தெரியாத கணக்கோடு நான்கு மாதம் வாழ்வது வேறு பயிற்சி.

இரண்டாவது தடை தரத்தைப் பற்றியது. எல்லோரும் எழுதினால் குப்பை சேரும், ஏற்கனவே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் மலிந்து கிடக்கின்றன என்பார்கள். உண்மைதான். மாணவர் ஒருவர் தன் பெயரை அச்சில் பார்க்க ஆசைப்பட்டு அத்தகைய இதழுக்குப் பணம் கட்டும்போது அந்த எழுத்தை யாருமே படிப்பதில்லை, வெளியிட்டவர் உட்பட. நேர்மையான சிறிய இடம் ஒன்று இருந்தால் இந்தக் கடைகளுக்குப் பாதி வேலை போய்விடும். அப்படிப்பட்ட இடங்கள் இல்லாமலும் இல்லை. நீல் ஸ்லோன் 1964இல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் எழுதத் தொடங்கிய முழு எண் வரிசைகளின் தொகுப்பு இன்று இணையத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட வரிசைகளோடு நிற்கிறது. யார் வேண்டுமானாலும் ஒரு வரிசையையோ திருத்தத்தையோ அனுப்பலாம். தன்னார்வ ஆசிரியர்கள் வரி வரியாகப் பார்த்து, தேறாததைத் திருப்பிவிடுவார்கள். காசு கிடையாது. காப்ரேகருக்குக் கிடைக்காத வீடு அது. அமெரிக்காவில் ‘இன்வால்வ்’, ‘ரோஸ்–ஹல்மன்’ போன்ற இளங்கலைக் கணித இதழ்கள் நடுவர்களோடு இயங்குகின்றன. 1991 முதல் இயங்கும் ‘ஆர்க்கைவ்’ முன்பதிப்புக் களஞ்சியத்திலும் இளங்கலை மாணவர் கட்டுரை ஏற்றலாம். ஆனால் புதியவருக்கு அந்தத் துறையில் ஏற்கனவே எழுதும் ஒருவர் பரிந்துரைக்க வேண்டியிருக்கும். அந்த ஒருவரைத் தெரியாத கல்லூரியில் கதவு அங்கேயே மூடிக்கொள்கிறது. மறுபடியும் வாசகர் பிரச்சினைதான்.

அந்த ஒருவர் எங்கிருந்து வருவார்? வாரம் முழுக்க வகுப்பெடுத்து, விடைத்தாள் திருத்தி, நிர்வாக வேலையும் சுமக்கும் கல்லூரி ஆசிரியரின் தலையில் இதையும் கட்டுவது நியாயமில்லை. தடைகளில் இதுதான் நடைமுறையில் மிகக் கடினமானது என்று நினைக்கிறேன். விடை மான்குர்த் மாதிரியிலேயே இருக்கிறது. மாணவர் ஊரிலேயே இருப்பார், வழிகாட்டி வேறிடத்தில் இருப்பார், ஆண்டுக்கு ஓரிரு முறை நேரில் சந்திப்பு, இடைக்காலத்தில் எழுத்து. ஆய்வகக் கருவி தேவைப்படும் வேதியியலுக்கே இது நடந்திருக்கிறது என்றால், காகிதமும் பேனாவும் இலவச மென்பொருளும் போதுமான கணிதத்துக்கு நடத்துவது இன்னும் எளிது. மும்பையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்: கொலாபாவில் டாடா நிறுவனம், பவாயில் ஐஐடி, கலினாவில் பல்கலைக்கழகமும் 2007இல் அமைந்த அடிப்படை அறிவியல் சிறப்பு மையமும். தமிழ்நாட்டில் கணித அறிவியல் நிறுவனமும், சேஷாத்ரி 1989இல் தொடங்கிவைத்த சென்னைக் கணிதக் கழகமும் இருக்கின்றன. இவற்றில் ஆய்வு செய்யும் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் ஆண்டுக்கு இரண்டே இரண்டு இளங்கலை ஆய்வேடுகளைப் படித்து, இரண்டு பக்கம் பதில் எழுதினால், கல்லூரி ஆசிரியரின் சுமை கூடாமலே மூன்றாவது வாசகர் கிடைத்துவிடுவார். சமர்ப்பித்தவற்றை ஆண்டுதோறும் ஒரே இடத்தில் சேர்த்து, பொருள் வாரியாகத் தேடும்படி வைக்கும் வேலையை மான்குர்த் மையம் போன்ற ஒன்று ஏற்கலாம். ஒலிம்பியாட் வழியாகக் கணித மாணவர்களையும், இளங்கலைத் திட்டத்தின் வழியாகக் கல்லூரிகளையும் ஒருசேர அறிந்த மையம் அது.

இயந்திரமே நிறுவல் எழுதித் தரும் காலத்தில் மாணவர் ஏட்டை எப்படி நம்புவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: கரும்பலகை முன் நிற்கவையுங்கள். எழுதியவரிடம் ஏன் என்று இரண்டு கேள்வி கேட்கும் வாசகர் இருக்கும் இடத்தில் இரவல் நிறுவல் நிற்காது. மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ்வழியில் பள்ளி முடித்து வரும் மாணவர் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதும்போது கணிதத்தோடும் இலக்கணத்தோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டுகிறார். முதல் வரைவைத் தமிழில் எழுதவும் தமிழில் விளக்கவும் அவருக்கு இடம் தந்தால், எங்கே கணிதம் புரியவில்லை, எங்கே ஆங்கிலம் மட்டும் தடுக்கிறது என்பது வழிகாட்டிக்கும் தெளிவாகும். மும்பையில் தாராவியிலும் பிற இடங்களிலும் தமிழ்வழி மாநகராட்சிப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது சலுகை ஆகாது, தேவை.

கல்லூரிக் கணிதத் துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டின் ஆய்வேடுகளைப் பூட்டி வைக்கும் முன், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பக்கச் சுருக்கத்தையும், மாணவரால் விடை காண முடியாமல் போன கேள்விகளையும் துறையின் இணையப் பக்கத்தில் ஏற்றுங்கள். ஒரு பிரதியை ஜூன் மாதம் வரும் புதிய மாணவர்களின் மேஜையில் வையுங்கள். பீரோச் சாவியை அவர்களிடமே கொடுங்கள்.